பழைய கோயில் மண்டபத்துக்கு லேசர் ஸ்கேன்: சுங்கை சிப்புட் வேலை எப்படி இருந்தது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் (எஸ்டேட்) கோயில் ஒன்றின் செங்கல் மண்டபத்தை ஈப்போ நிறுவனம் ஒன்று ஸ்கேன் செய்து கொடுத்தது. கூரையை மாற்றினால் சுவர் தாங்குமா என்று பொறியாளர் கணக்குப் போடத்தான் இந்த வேலை. கருவி லைக்கா ஆர்டிசி360. சுற்றியுள்ள பரப்பையெல்லாம் லேசரால் புள்ளி புள்ளியாக அளக்கும்: நொடிக்கு 20 லட்சம் புள்ளிகள், 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 2 மி.மீ. துல்லியம். கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை எங்கெங்கே நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வேலை தேறும்.

முதலில் வந்த கோப்பில் ஒன்பது அங்குலச் சுவர், பூச்சோடு சேர்த்து, வாசல் பக்கம் 260 மி.மீ., மறுகோடியில் 235 மி.மீ. என்று இருந்தது. ஜன்னல் ஓரங்களில் டேப் வைத்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் 260. உள் ஸ்கேனையும் வெளி ஸ்கேனையும் ஒரே வாசல் வழியாக இணைத்திருந்தார்கள். அங்கே கோணம் துளி பிசகினாலும் சுவர் நீள நீளப் பிழை வளரும். அறிக்கையில் போடும் சராசரிப் பிழையில் இது தெரியவே தெரியாது. மறுபடி வந்து, ஒவ்வொரு நிலைப்படியிலும் முக்காலியை நிறுத்தி, ஸ்கேன்களைப் பொருத்த உதவும் கறுப்பு வெள்ளைக் கட்டக் குறிகள் ஒட்டி, மண்டபத்தைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடித்தார்கள். அளவு சரியாகிவிட்டது. முதல் தடவையே இப்படிச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? செங்கல் சுவரில் பாரம், சுவர்த் தடிமனின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்க வேண்டும். பூச்சு இல்லாமல் 230 மி.மீ. சுவரென்றால் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 38 மி.மீ. அதைத் தாண்டினால் ஒரு பக்கம் இழுவிசை வரும். சுண்ணாம்புக் காரை அதைத் தாங்காது. இங்கே வலப்பக்கச் சுவர், விட்டத்துக்குக் கீழே வெளியில் 24 மி.மீ. பிதுங்கியிருந்தது. அதே உயரத்தில் உள்முகம் நேராக இருந்தது. தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தம். வளைந்தது சுவர் இல்லை, பூச்சு கழன்றிருக்கிறது. வெளிப்புறம் மட்டும் அளந்திருந்தால் வீணாக முட்டுச்சுவர் கட்டியிருப்பார்கள்.

ஸ்கேனுக்கு முன் மாவிலைத் தோரணத்தைக் கழற்றுங்கள், விசிறியை நிறுத்துங்கள். ஆடுவதெல்லாம் பொய்ப் புள்ளிகளாக விழும். பித்தளை விளக்கு, கண்ணாடி, பளபளக்கும் கிரானைட் ஆகியவற்றைத் துணியால் மூடுங்கள். மழைக்கு முன், காலையிலேயே முடிப்பது நல்லது.

ஸ்கேன் புள்ளிகளைப் பல மென்பொருளிலும் திறக்கக்கூடிய இ57 வடிவக் கோப்பாகக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் அரை மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டுப் படம் எடுத்தால் பொறியாளருக்குப் போதும். மொத்தப் புள்ளிகளையும் அப்படியே கணக்கு மாடலாக மாற்றித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கணினி திணறும், விடையும் தெளிவாக வராது.

சுவருக்குள் புதைந்த விட்டத்து முனையில் கரையான் இருக்கிறதா, காரை எவ்வளவு வலு, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் லேசருக்குத் தெரியாது. அதற்குத் துளையிட்டும் தோண்டியும்தான் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசலும் இதில் பிடிபடாது. விரிசலின் குறுக்கே அளவுகோல் பட்டை ஒட்டி மாதாமாதம் குறித்து வையுங்கள்.