பேச்சும் வரல, உட்காரவும் மாட்டேங்கிறான்: நாங்கள் போகும் ஸ்பீச் தெரபி சென்டர் எப்படி?

மூன்று வயதை நெருங்கியும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சொற்கள் வருகின்றன, ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது என்று பிள்ளையை வைத்துக்கொண்டு சென்டர் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சியில் நாங்கள் போய்வரும் ஸ்பீச் தெரபி சென்டரைப் பற்றியது. குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு.

இதற்கு முன்பு வேறொரு இடத்துக்குப் போயிருந்தோம். பையன் நாற்காலியில் ஏறி, மேசையில் ஏறி, ஸ்விட்ச் போர்டைத் தட்டி முடிப்பதற்குள் 'ஹைப்பர்' என்று எழுதிவிட்டு, ஸ்பீச், ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), ஸ்பெஷல் எஜுகேஷன் மூன்றும் சேர்ந்த பேக்கேஜுக்கு ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். காது கேட்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே முதல் கேள்வியே காதுதான். ஓ.ஏ.இ., பெரா என்கிற காது கேட்கும் திறன் டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சா, சமீபத்தில் எடுத்ததா என்றார்கள். பிறந்தபோது எடுத்தது போதாதாம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும், பல சமயம் வலியே இருக்காது, ஆனால் சத்தம் மங்கலாகத்தான் போய்ச்சேரும். பேச்சு தள்ளிப்போவதும் கூப்பிட்டால் திரும்பாததும் அதனாலேயே வரலாம், பார்க்கிறவர்கள் கவனமில்லாத பிள்ளை என்பார்கள். எங்கள் பையனுக்குக் காது சரியாக இருந்தது. பெராவைப் பிள்ளை தூங்கும்போதுதான் எடுக்க வேண்டும், இவனைத் தூங்கவைத்தது தனிக்கதை.

அப்புறம் மதிப்பீடு. தெரபிஸ்ட் மேடம் பாயில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவனோடு விளையாடினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா, ஒரு பொம்மையைக் கண்டதும் 'நீயும் பார்' என்பதுபோல நம் முகத்தைப் பார்க்கிறானா என்றெல்லாம் கவனித்தார். ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதற்காக இது. அது இல்லை என்று தோன்றிய பிறகு செய்ததுதான் எனக்கு இந்த இடத்தின் மேல் நம்பிக்கை வரக் காரணம். "எல்லாம் புரிஞ்சுக்குவான் மேடம், பேசத்தான் மாட்டான்" என்று எல்லா அம்மாக்களையும்போல நானும் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணால்கூடக் காட்டாமல், "பந்தை எடுத்து டப்பாக்குள்ள போடு" என்றார். பையன் சிரித்துவிட்டு ஓடிவிட்டான். அதையே கையைக் காட்டிச் சொன்னபோது உடனே போட்டான். வீட்டில் நாம் எப்போதும் கையைக் காட்டித்தானே சொல்கிறோம், அதனால் சொல் புரிகிறதா சைகை புரிகிறதா என்று தெரிவதே இல்லை.

அதாவது கதை சொன்னால் எழுந்து ஓடுகிற பிள்ளைக்குக் கதை புரியாமலேயே இருக்கலாம். தெரியாத மொழியில் ஒருவர் அரை மணி நேரம் பேசினால் நாமும் போனைத்தான் எடுப்போம். எதிர்ப்பக்கமும் உண்டு: நாம் 'காக்கா' என்று சொல்லும்போது பிள்ளையின் கண் ஃபேனில் இருந்தால் அந்தச் சொல் காக்காவோடு ஒட்டாது, ஒரு பொருளில் சில நொடிகூட நிற்காத பிள்ளைக்கு இப்படி நாள் முழுக்கச் சொற்கள் தவறிக்கொண்டே இருக்கும். எது முதலில் வந்தது என்று இந்த வயதில் பல சமயம் பிரித்துச் சொல்ல முடியாது என்று மேடம் நேராகவே சொன்னார். பேச்சுத் தாமதமும் கவனக்குறைவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து காணப்படுவது சகஜம், ஆனால் பேச்சு தாமதமான பிள்ளைக்கெல்லாம் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அடங்காத துறுதுறுப்புக் கோளாறு) என்று அர்த்தம் இல்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் ஏ.டி.எச்.டி.க்கான அறிகுறிப் பட்டியலில் பேச்சுத் தாமதம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அதிகமாகப் பேசுவதும் அடுத்தவர் முடிக்கும் முன் குறுக்கே விழுவதும்தான் இருக்கின்றன. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி மாதிரி இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் 2019 வழிகாட்டி 4 வயதிலிருந்துதான் பேசவே ஆரம்பிக்கிறது, 4, 5 வயதில் மாத்திரைக்கு முன்னால் பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. மூன்று வயதுகூட ஆகாத பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் பட்டம் கட்டுகிறவர்கள் எதை வைத்துக் கட்டுகிறார்களோ!

எங்களுக்கு எழுதிக்கொடுத்தது: சொல்வதைப் புரிந்துகொள்வதிலும் பேசுவதிலும் தாமதம், கவனம் எப்படி இருக்கிறது என்பதை 4 வயதுக்குப் பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான், வசம்பு உரசி நாக்குல தடவு" என்றார். தாமதமாகப் பேசி அப்புறம் தானே எட்டிப்பிடிக்கிற பிள்ளைகள் நிறைய உண்டு, அது உண்மைதான். ஆனால் பேச்சு மட்டும் தாமதமா, புரிதலும் தாமதமா என்று பார்க்காமல் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை, இரண்டாவது ரகம் தானாகச் சரியாகும் வாய்ப்பு குறைவு. இரண்டு மொழி பேசுவதால்தான் குழம்புகிறான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதையும் மேடம் ஒதுக்கிவிட்டார்.

தெரபி எப்படி என்றால், மேசை கிடையாது, 'ஏ ஃபார் ஆப்பிள்' கிடையாது. மூடி இறுக்கிய கண்ணாடி டப்பாவுக்குள் அவனுக்குப் பிடித்த கார். எட்டிப் பார்ப்பான், ஆட்டிப் பார்ப்பான், திறக்க முடியாமல் நம்மிடம்தான் வந்தாக வேண்டும். வந்ததும் நாம் "திற" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அந்தப் பத்துதான் கஷ்டம். மூன்றிலேயே நம் கை மூடியைத் திறக்கப் போய்விடும். "அவனைக் கூப்பிட்டு உங்க விளையாட்டுக்கு இழுக்காதீங்கம்மா, அவன் எதைப் பாக்குறானோ அதை நீங்க பாருங்க, அதுக்குப் பேர் சொல்லுங்க" என்பார். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அதையே பயன்படுத்தினார்: ஊஞ்சலை நிறுத்திப் பிடித்துக்கொண்டு 'ஆட்டு' என்று வரும்வரை காத்திருப்பது, நீர்க்குமிழியில் 'இன்னும்'. இப்போது "அம்மா கார் தா" மாதிரி வாக்கியம் வருகிறது. ஓட்டம் குறையவில்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். வரவேற்பறையில் பெரிய டிவி, அதில் நாள் முழுக்கக் கார்ட்டூன் பாட்டு. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொன்னதைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அதன் கீழேயே டிவியை ஓடவிடுகிறார்கள். சொல்லிப் பார்த்தேன், "பிள்ளைங்க அழுவாங்க மேடம்" என்று பதில். இரண்டாவது, மேடம் விடுப்பில் போனால் ஜூனியர் வருவார், அவர் கதவைச் சாத்திக்கொண்டு அட்டைகளைக் காட்டிக் காட்டி அனுப்பிவிடுவார். பெற்றோர் உள்ளே இருந்து பார்க்காவிட்டால் இந்த தெரபிக்குப் பாதிப் பயன்கூட இல்லை, 45 நிமிடம் அங்கே, மிச்ச நேரமெல்லாம் நம்மோடுதானே! ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம், அத்தைக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன்.

கட்டணம் ஒரு அமர்வுக்கு 700 ரூபாய். வாரம் இரண்டு என்றால் எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் அரசின் டி.ஈ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரியுங்கள், 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில், பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்குகிறது, இலவசம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. தனியார் எங்கே போனாலும் தெரபிஸ்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிற இடத்துக்கு இரண்டாம் முறை போக வேண்டாம்.

எங்கள் சென்டர் மாதிரி இடத்தில் சேர்வதானால் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மாலை ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் வரும் பிள்ளையிடம் எந்த மேடத்தாலும் ஒரு சொல் வாங்க முடியாது, அந்த 700-ம் முழுசாகப் போய்விடும்.