சிஸ்டம் பூட் ஆகவில்லையா: ரிப்பேர், ரிஸ்டோர், ரீசெட், ஃபார்மட், எது எதை அழிக்கும்?

விண்டோஸ் பூட் ஆகாத சிஸ்டத்தை யாரிடம் கொண்டு போய்க் காட்டினாலும் முதலில் வருகிற பதில் "ஃபார்மட் அடிச்சுடலாம்" என்பதுதான். தப்பான பதில் என்று சொல்லிவிட முடியாது, சிஸ்டம் ஓடிவிடும். ஆனால் உங்களுக்கு வேண்டியது ஓடுகிற சிஸ்டமா, இல்லை அதற்குள் இருக்கும் கடைக் கணக்கும் பிள்ளைகளின் போட்டோவுமா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இங்கே விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இருக்கிற வழிகளை அந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடப் போகிறேன். எது சீக்கிரம் முடியும் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு வழி பலிக்காமல் போனால் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் கணக்கு.

அதற்கு முன் ஒன்றை ஒதுக்கிவிடலாம். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஆனால் கம்பெனி லோகோகூட வரவில்லை என்றால் அது விண்டோஸ் பிரச்சினையே இல்லை. கடையில் இதை "நோ டிஸ்பிளே" என்பார்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் போர்டு பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது, திரையையோ கேபிளையோ சந்தேகப்படலாம். எரியவில்லை என்றால் பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, ராமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஓரத்துக் கொக்கி "டக்" என்று விழும் வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ரப்பர் வைத்தியத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு, செய்யட்டும். பழைய டெஸ்க்டாப்புகளில் இன்றைக்கும் அது வேலை செய்கிறது.

லோகோ வருகிறது, அதற்குமேல் நகரவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டிய இடம் பயாஸ், அதாவது விண்டோஸ் எழும் முன்பே திறக்கிற, போர்டின் சொந்த செட்டிங்ஸ் திரை. அதில் ஹார்டு டிஸ்கோ எஸ்எஸ்டியோ பெயரோடு தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கீழே சொல்கிற எந்த வழியும் உதவாது. டிஸ்க்கைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்க் போய்விட்டது. டிஸ்க் தெரிந்தும் பூட் ஆகாவிட்டால் பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" முதலில் நிற்கிறதா என்று பாருங்கள். பயாஸில் தேதி எங்கேயோ பழைய வருடத்துக்குப் போயிருந்தால், போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து செட்டிங்ஸ் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கும். ஒரு சின்ன பேட்டரியில் முடிகிற வேலைக்கு ஃபார்மட் அடித்துக்கொண்டிருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதில் போடுகிற இன்னொரு இயங்குதளம்) போட்டுப் பார்த்துவிட்டு அது இருந்த பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அதற்காகப் பிரித்த பகுதியை, அழித்ததும் "க்ரப் ரெஸ்க்யூ" என்று கறுப்புத் திரை வருமே, அதற்கும் பெரும்பாலும் இந்தப் பூட் வரிசையை மாற்றினாலே போதும்.

சரி, டிஸ்க் இருக்கிறது, விண்டோஸ் மட்டும் எழவில்லை. இப்போது நீலத் திரையில் வருகிற ரிப்பேர் மெனு. இரண்டு தடவை அடுத்தடுத்து பூட் தோற்றால் மூன்றாவது தடவை அது தானாகவே வரும். வராவிட்டால் லோகோ சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டும், இரண்டு தடவை அப்படிச் செய்தால் வந்துவிடும். அதில் "ட்ரபிள்ஷூட்", பிறகு "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போனால் கிடைக்கும் பட்டியலில் எல்லோரும் முதலில் தட்டுவது ஸ்டார்ட்அப் ரிப்பேர். எனக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. பூட் ஃபைல்கள் கெட்டிருந்தால் சரிசெய்யும், மற்றபடி கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு "சரிசெய்ய முடியவில்லை" என்று ஒரு லாக் ஃபைலின் முகவரியைக் காட்டிவிட்டு நிற்கும். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதனால் கெடுதலும் இல்லை, ஒரு தடவை ஓட விடலாம். மூன்று நான்கு தடவை ஓட்டுவதில் அர்த்தமில்லை.

அதைவிட அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் எனக்குப் பிடிக்கும், ஆனால் பலர் அதைத் தொடுவதே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் மாதாந்தர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய் (அமெரிக்க நேரம்) வருகிறது, நமக்கு அது செவ்வாய் இரவு. செவ்வாய்வரை ஒழுங்காக ஓடிய சிஸ்டம் புதன், வியாழனில் எழவில்லை என்றால் சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும். குவாலிட்டி அப்டேட் (மாதாந்தரத் திருத்தம்), ஃபீச்சர் அப்டேட் (பெரிய பதிப்பு மாற்றம்) என்று இரண்டு கேட்கும், முதலில் குவாலிட்டி. உங்கள் ஃபைலையோ மென்பொருளையோ அது தொடாது.

சிஸ்டம் ரிஸ்டோர் அதைவிட ஒரு படி பெரியது. ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் செட்டிங்ஸ் தொகுப்பு), டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் மென்பொருள்), சிஸ்டம் ஃபைல் எல்லாம் பழைய நாளுக்குத் திரும்பும். உங்கள் டாக்குமென்ட், போட்டோ அப்படியே இருக்கும், ஆனால் அந்த நாளுக்குப் பிறகு போட்ட மென்பொருள்கள் போய்விடும். கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டதும் படுத்துக்கொண்ட சிஸ்டத்துக்கு இது நல்ல மருந்து. சிக்கல் என்னவென்றால் நிறைய லேப்டாப்பில் இந்த வசதியே ஆஃப் ஆகியிருக்கும், திறந்தால் "ரிஸ்டோர் பாயின்ட் எதுவும் இல்லை" என்று வரும். அப்போது சேஃப் மோட். அதே பட்டியலில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4 அழுத்தினால் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும். சேஃப் மோடில் எழுந்துவிட்டால் ஃபார்மட் பேச்சுக்கே இடமில்லை, கெட்டது ஒரு டிரைவரோ ஒரு மென்பொருளோதான். அதைத் தேடி நீக்கினால் போதும்.

இதற்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டங்கள் நீலத் திரையில் போய் நின்றன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள், இந்தியாவிலும்தான். அதற்குத் தீர்வு ரீசெட்டும் இல்லை, ஃபார்மட்டும் இல்லை. சேஃப் மோடிலோ ரிப்பேர் மெனுவின் கமாண்ட் ப்ராம்ப்ட்டிலோ போய் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் க்ரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டரில் 291 என்ற எண் கொண்ட ஃபைலை அழித்தால் சிஸ்டம் எழுந்தது. ஆனால் பல ஆபீஸ்களில் அந்த ஒரு ஃபைலை அழிக்கவே நாள்கணக்கில் ஆனது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஆள் நேரில் போக வேண்டியிருந்தது, போனவர்களிடம் திரை பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) சாவி கேட்டது.

அந்தச் சாவி வீட்டு லேப்டாப்பிலும் உங்களைக் கேட்கும். புதிய லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ளே நுழைந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாகப் போடும்போதே இது இன்னும் தாராளமாக நடக்கிறது. சாவி 48 இலக்கம். ஃபோனில் அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து, டிவைசஸ் பக்கத்தில் ரெகவரி கீ என்று தேடினால் கிடைக்கும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் இருக்கும். கடையில் யாரோ அவருடைய அக்கவுன்ட்டைப் போட்டு செட்டப் செய்து கொடுத்திருந்தால் சாவி அவருடைய அக்கவுன்ட்டில் இருக்கும், இது கொஞ்சம் கலவரமான விஷயம். சாவி இல்லாமல் டேட்டா எடுக்க எந்த வழியும் கிடையாது. ஆகவே பயாஸில் எதையாவது மாற்றும் முன்பே இந்த எண்ணைத் தேடி எழுதி வைத்துவிடுங்கள், பயாஸ் மாற்றங்களே சாவி கேட்க வைத்துவிடும்.

இதுவரை சொன்ன எதுவும் பலிக்கவில்லை என்றால் அடுத்தது ரீசெட்டுக்குப் போகக் கூடாது, டேட்டாவை வெளியே எடுக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் போட்டி போடுகின்றன.

ஒன்று, கையில் எதுவும் இல்லாதவர்களுக்கானது. ரிப்பேர் மெனுவின் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து "நோட்பேட்" என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓபன் போய், கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றினால் உங்கள் டிரைவ் எல்லாம் தெரியும். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து காப்பி, பென்டிரைவுக்குப் போய் பேஸ்ட். இரண்டு விஷயம் கவனம்: சி டிரைவ் இங்கே டி, இ என்று வேறு எழுத்தில் காட்டலாம், பயப்பட வேண்டாம். காப்பி எவ்வளவு ஆனது என்று எதுவும் காட்டாது, திரை உறைந்தது மாதிரி இருக்கும், காத்திருக்க வேண்டும். சில ஃபோல்டர் மட்டும் வேண்டும் என்றால் இது போதும். 200 ஜிபி போட்டோவுக்கு இதை வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

இரண்டு, லினக்ஸ் பென்டிரைவ். வேறொரு சிஸ்டத்தில் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ டவுன்லோட் செய்து ரூஃபஸ் என்ற செயலி மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டி அதிலிருந்து பூட் செய்வது. இன்ஸ்டால் கொடுக்காமல் "ட்ரை" என்று நுழைந்தால் டிஸ்க்கில் எதுவும் மாறாது. விண்டோஸ் அரைகுறையாக மூடியிருந்தால் டிரைவைப் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. நமக்கு வேண்டியதும் படிப்பது மட்டும்தானே. பிட்லாக்கர் இருந்தாலும் சாவி கொடுத்தால் புதிய பதிப்புகளில் திறக்கும். இன்னொரு லாபம், இந்த லினக்ஸ் நன்றாக ஓடுகிறது என்றால் போர்டும் ராமும் பெரும்பாலும் சரி என்று தெரிந்துவிடுகிறது, அதில் உள்ள டிஸ்க்ஸ் செயலியைத் திறந்தால் ஹார்டு டிஸ்க்கின் ஸ்மார்ட் நிலவரத்தையும் (டிஸ்க் தன் ஆரோக்கியத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) பார்த்துவிடலாம். சர்வீஸ் கடைக்காரர்கள் லினக்ஸுக்குப் பதில் ஹிரேன்ஸ் பூட் சிடியின் இப்போதைய பிஇ பதிப்பை (பென்டிரைவிலிருந்தே ஓடும் சின்ன விண்டோஸ்) போடுவார்கள். விண்டோஸ் மாதிரியே இருப்பதால் பழகியவர்களுக்கு வேகம். இரண்டில் எனக்கு லினக்ஸ்தான், நடுவில் யாராவது கைதவறி ஏதாவது "ரிப்பேர்" டூலை ஓட்டிவிடும் வாய்ப்பு குறைவு.

மூன்று, எஸ்எஸ்டியையே கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு சிஸ்டத்தில் மாட்டுவது. போர்டே போன நிலையில் இதுதான் வழி. மெலிசான சில லேப்டாப்களில் எஸ்எஸ்டி போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், அங்கே இது நடக்காது.

ஹார்டு டிஸ்க் "டிக் டிக்" என்று சத்தம் போட்டால் மட்டும் மேலே உள்ள எதையும் செய்யாதீர்கள். குறிப்பாக இணையத்தில் எல்லோரும் சொல்லும் செக்டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடும் விண்டோஸ் கட்டளை) வேண்டவே வேண்டாம். சாகிற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்து இருக்கும் உயிரையும் வாங்கிவிடும். பவரை நிறுத்திவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுப்பதுதான் ஒரே வழி, செலவு அதிகம்தான்.

டேட்டா வெளியே வந்த பிறகு ரீசெட்டா, ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸா? ரீசெட்டின் ஈர்ப்பு "கீப் மை ஃபைல்ஸ்" என்ற பட்டன். அது உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் போட்ட மென்பொருள்கள் எல்லாம் போய்விடும், போனவற்றின் பட்டியல் மட்டும் டெஸ்க்டாப்பில் கிடக்கும். பழைய பில்லிங் மென்பொருள்கள் டேட்டாவை ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே வைத்திருக்கும், அதுவும் மென்பொருளோடு போகும். கடைக்காரர்கள் அழுவது பெரும்பாலும் இதற்காகத்தான். ரீசெட்டில் "லோக்கல்" என்பது இருக்கிற அதே சிஸ்டம் ஃபைல்களை வைத்து மறுபடி கட்டுவது, அந்த ஃபைல்களே கெட்டிருந்தால் பாதியில் நிற்கும். "கிளவுட் டவுன்லோட்" சுமார் 4 ஜிபி இறக்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும், ஆனால் லோக்கலைவிட நம்பகமானது.

டேட்டா ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது என்றால் ரீசெட்டின் ஒரே நன்மையும் போய்விட்டது, அப்புறம் அதில் ஏன் மெனக்கெட வேண்டும்? மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலில் 8 ஜிபி விண்டோஸ் பென்டிரைவ் செய்து புதிதாகப் போடுவதுதான் சுத்தம். லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் போர்டோடு கட்டப்பட்டது, அதே பதிப்பைப் போட்டால் நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். புதிய இன்டெல் லேப்டாப்களில் எந்த டிஸ்க்கில் போடுவது என்ற திரை காலியாக வந்தால் டிஸ்க் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை அதே பென்டிரைவில் காப்பி செய்து "லோட் டிரைவர்" கொடுத்தால் தெரியும். சி, டி என்று பிரித்து வைத்தவர்கள் சி பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்தால் டி அப்படியே இருக்கும். ஆனால் "எல்லாம் டியில்தான் இருக்கிறது" என்று சொல்பவர்களின் டவுன்லோட்ஸும் டெஸ்க்டாப்பும் சியில்தான் இருக்கும், ஒரு தடவை பார்த்துவிட்டு அடியுங்கள்.

இதெல்லாம் முடியாது, கடையில் கொடுக்கிறேன் என்றால் அதுவும் சரிதான். நோ டிஸ்பிளே கேஸில் வீட்டில் இருந்து மல்லுக்கட்டுவதைவிட அதுவே மேல். கொடுக்கும்போது "டேட்டா வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் அடிக்க வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் கவுன்டரில் இருப்பவர் சொல்லி உள்ளே வேலை செய்பவருக்குப் போய்ச் சேராது. லேப்டாப்போடு வந்த ஒரிஜினல் ஹோம் பதிப்பை அழித்துவிட்டுத் திருட்டு ப்ரோ பதிப்பைப் போட்டுக் கொடுக்கிற கடைகளும் உண்டு, ஆகவே எந்தப் பதிப்பு இருந்தது என்பதையும் அதே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.