காலைப் பிடுங்கும் செயலி: மூன்று வருஷப் பழக்கம்

"499-லிருந்து 199-க்கு வந்துருச்சு, வாங்கலாமா மாப்ள?" என்று நண்பன் கேட்டிருந்தான். எழுத்துகளைக் கொட்டினால் கலைத்து அடுக்கி, அதிகப் புள்ளி தரும் சொல்லை முதலில் காட்டுமே, அந்தச் செயலியைத்தான் கேட்கிறான். பழைய விலையில் முழுக்காசு கட்டியவன் நான். அந்த வயிற்றெரிச்சலும் கொஞ்சம் இதில் கலந்திருக்கும்.

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்க்கும் ஆங்கில ஸ்கிராபிளுக்கு அது கெட்டிக்காரப் பிள்ளை. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்று தட்டினால் ரெட்டினாஸ், ரீட்டெய்ன்ஸ், நாஸ்டியர் என்று மளமளவென்று கொட்டும். உள்ளே மந்திரம் ஒன்றும் இல்லை. அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கும். நம் எழுத்துகளையும் அப்படியே அடுக்கி, பொருந்துவதை எடுத்து நீட்டும். அண்ணன் மகளுக்கும் எனக்கும் ஒரு சட்டம் உண்டு: ஆட்டம் முடியும்வரை தொடக்கூடாது, முடிந்தபின் எதைக் கோட்டை விட்டோம் என்று பார்க்கலாம். தோற்றவர் மதுரை விளக்குத்தூணில் ஜிகர்தண்டா வாங்கித் தர வேண்டும். தோசாவும் சோடாவும் ஒரே நாலு கட்டை என்று எனக்குக் காட்டியது இந்தச் செயலிதான். நம்ம ஊர்ச் சுருட்டு அங்கே போய் செரூட் ஆகி, கட்டைக்கு 12, கையிலிருந்த ஏழு கட்டையும் ஒரே தடவையில் இறங்கியதற்கு 50, ஆக 62 தருகிறது என்று பார்த்த அன்று அவளுக்குத் தூக்கமே வரவில்லை. பலகையை அது பார்ப்பதில்லை என்பது குறைதான். க்யூ, ஐ சேர்ந்த இரண்டெழுத்துச் சொல்லுக்கு 11 என்று போட்டுக் கீழே தள்ளிவிடும். க்யூ, எழுத்தின் புள்ளியை மும்மடங்காக்கும் கட்டத்தில் விழுந்து குறுக்கிலும் நெடுக்கிலும் அதே சொல் அமைந்தால் அதுவும் 62. சரி, அதை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

என் சண்டை தமிழ்ப் பக்கத்தோடு. அம்மாவுக்காகத்தான் காசே கட்டினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, வீட்டிலேயே கட்டைகள் செய்திருந்தோம். 247-க்கும் வெட்ட முடியாது, புழக்கத்தில் உள்ளவை மட்டும். ஒருநாள் அம்மா கையில் 'பா', 'தி' இருந்தன. செயலியில் போட்டேன். 'பிதா' என்றது.

"ஏன்டா, பா-வுக்கு இருக்குற காலைப் புடுங்கி த-வுக்கு மாட்டுறது என்ன வெளையாட்டு?" என்றார் அம்மா.

காடு என்று போட்டால் குடா. வாலி என்று போட்டால் விலா. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'பா' என்பது ப ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறிகளாகக் கிடக்கிறது. எண்ணுவதற்கு முன் இரண்டையும் சேர்த்து ஓர் எழுத்தாக்க வேண்டும். அந்த ஒரு வேலையைச் செய்யவில்லை. அதனால் மூன்றெழுத்து மதுரை அதன் கணக்கில் ஐந்தெழுத்து! கொம்புக்கும் காலுக்கும் தனித்தனிப் புள்ளி போடுகிறது. அப்புறம் எது அதிகப் புள்ளிச் சொல் என்று அது சொன்னால் எப்படி நம்புவது? மூன்று முறை எழுதிப் போட்டேன். மூன்று முறையும் கருத்துக்கு நன்றி சொன்னார்கள்.

நியாயத்துக்குச் சொல்கிறேன், நகரத்தைப் போட்டால் நரகம் சரியாகவே வரும். அதற்குச் செயலி வேண்டியதில்லை, அம்மா வெற்றிலை மடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார். வைகையைக் கையில் கொடுத்தால் 'கை வை' என்று திருப்பிப் போட்டு, குண்டோதரன் தாகத்துக்குச் சிவன் ஆற்றை வரவழைத்த கதையையும் சேர்த்துச் சொல்வார்.

மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அது முடங்கியதில்லை, விளம்பரம் காட்டித் தொல்லை செய்ததில்லை, ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தப்பாகத் தந்ததில்லை. வாங்காதே மாப்ள. அந்த 199-க்கு விளக்குத்தூணுக்கு வா.