ஆறு மீட்டர் பெஞ்சுக்கு எந்த டிரில்: 115 மி.மீ. டிடிஹெச்சா, 76 மி.மீ. டாப் ஹேம்மரா?

உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கம் ஜல்லிக் குவாரி நடத்துகிறவர்கள் புது டிரில் வாங்கும்போது மெஷின் விலையையும் கம்ப்ரசரின் காற்றளவான சி.எஃப்.எம்.மையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பெஞ்ச் (படிபோல் வெட்டி இறங்கும் கல்சுவர்) எத்தனை மீட்டர் உயரம் என்று விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. முதலில் பேசவேண்டியதே அதுதான். நாங்கள் எடுத்தது 76 மி.மீ. குழி போடும் ஹைட்ராலிக் டாப் ஹேம்மர். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். காரணத்தைக் கணக்கோடு தருகிறேன், உங்கள் குவாரி அளவுகளைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். டிடிஹெச்சில் (டவுன்-தி-ஹோல்) ஹேம்மர் குழிக்குள் இறங்கி, பிஸ்டன் நேராக பிட்டின் (துளைக்கும் முனையின்) தலையில் அடிக்கும். டாப் ஹேம்மரில் அடி மேலே டிரிஃப்டரில் (குழிக்கு வெளியே நிற்கும் அடிக்கும் பகுதியில்) விழுந்து, ராடு வழியாகக் கீழே போகும். ராடுகளை இணைக்கும் ஒவ்வொரு கப்ளிங்கிலும் கொஞ்சம் சக்தி குறையும். குழி ஆழமாக ஆழமாக வேகமும் குறையும், குழி கோணவும் தொடங்கும். இருபது மீட்டர் குழி என்றால் பேச்சே இல்லை, டிடிஹெச்தான். ஆனால் இங்கே நாம் போடுவது, பெஞ்சுக்குக் கீழே கொஞ்சம் கூடுதலாகத் துளைப்பதையும் சேர்த்து, ஏழு மீட்டருக்கும் குறைவு. 12 அடி ராடு இரண்டு போதும், நடுவில் ஒரே ஒரு கப்ளிங்.

இனி முக்கியமான கணக்கு. சார்னோக்கைட் போன்ற கடினக் கல்லில் பர்டனை (பெஞ்சின் திறந்த முகத்திலிருந்து குழி வரிசை வரையுள்ள தூரத்தை) குழி விட்டத்தைப்போல் 25 முதல் 30 மடங்குக்குள் வைப்பது வழக்கம். 115 மி.மீ. குழிக்கு அது சுமார் 3 மீட்டர், 76-க்கு 2 மீட்டர். ஸ்டெம்மிங்கையும் (குழியின் மேல்பகுதியில் மருந்துக்குப் பதில் அடைப்பதையும்) பர்டன் அளவுக்கே வைப்போம். பெஞ்ச் 6 மீட்டர். அப்படியானால் 115 மி.மீ. குழியில் மேல் 3 மீட்டரில், அதாவது பெஞ்சின் சரிபாதியில், வெடிமருந்தே இல்லை. 76-ல் மருந்தில்லாத பகுதி மூன்றில் ஒரு பங்குதான்.

அந்த மேல்பாதிக் கல் உடைவதில்லை, கீழிருந்து தள்ளப்பட்டு ஏற்கெனவே இருக்கும் விரிசல் வழியாகக் கழன்று விழுகிறது. இந்தப் பகுதிக் கல்லில் விரிசலுக்கு விரிசல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இடைவெளி இருப்பது சாதாரணம். விழுகிற போல்டரும் (பெருங்கல்லும்) அதே அளவில்தான் இருக்கும். கல்லை நொறுக்கும் 36-க்கு 24 இஞ்ச் ஜா கிரஷரின் வாயில் ஒன்றரை அடிக்கு மேற்பட்ட கல் போனால் சிக்கும். அந்தப் பெரிய கல்லெல்லாம் பிரேக்கர் (உளியால் அடித்து உடைக்கும் மெஷின்) வேலை. மாத முடிவில் பிரேக்கர் டீசலையும் உளிச் செலவையும் டிரில் செலவோடு சேர்த்து எழுதாதவரை, 115 மி.மீ. மலிவாகத்தான் தெரியும்.

பெஞ்ச் உயரத்தைப் பர்டனால் வகுத்தால் வரும் எண்ணைப் பாருங்கள். 115-க்கு 2, 76-க்கு 3. மூன்றைத் தொட்டால் கல் வளைந்து ஒழுங்காக உடையும். இரண்டில் நின்றால் மேலே போல்டர், கீழே டோ (அடியில் உடையாமல் நிற்கும் கல்), பின்சுவரில் விரிசல், அதிர்வும் கூடுதல். இதைச் சரிக்கட்ட பல குவாரிகளில் ஸ்டெம்மிங்கைக் குறைத்து மருந்தை மேலே ஏற்றுகிறார்கள். போல்டர் கொஞ்சம் குறையும், அதற்குப் பதில் கல் பறக்கும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளித்தான் குவாரி இருக்கவேண்டும் என்று தமிழ்நாடு சிறுகனிம விதிகள் சொன்னாலும், பறக்கும் கல் அந்தத் தூரத்தைத் தாண்டிப் போகக்கூடியது. ஸ்டெம்மிங்கில் கைவைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

அதிர்விலும் இதே கதைதான். ஒரு குழியில் போகும் மருந்து 115-ல் 76-ஐப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. குழிக்கு ஒரு டிலே கொடுத்து, ஒவ்வொன்றாகச் சற்றுத் தள்ளி வெடித்தாலும், அதே அதிர்வு அளவுக்குள் நிற்க வீடுகள் சுமார் 1.4 மடங்கு தூரத்தில் இருக்கவேண்டும். டி.ஜி.எம்.எஸ். (சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம்) 1997 சுற்றறிக்கைப்படி குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு வரம்பு, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே நொடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. செங்கல்பட்டு மாவட்டத்தில் மனைப்பிரிவுகள் குவாரியை நோக்கி வந்துகொண்டே இருக்கின்றன. இன்றைக்கு இருக்கும் தூரத்தை வைத்து ஐந்து வருடக் குத்தகைக்கு மெஷின் வாங்காதீர்கள்.

இதற்கு விலையும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஸ்பேசிங்கை (ஒரே வரிசையில் குழிக்குக் குழி இடைவெளியை) 3.5, 2.3 மீட்டர் என்று வைத்தால் ஒரு மீட்டர் டிரில்லிங்குக்கு 115-ல் சுமார் 9 கன மீட்டர் கல், 76-ல் சுமார் 4. இரண்டு மடங்குக்கு மேல் துளைக்கவேண்டும். கடினக் கல்லில் நல்ல ஹைட்ராலிக் டாப் ஹேம்மர் குறைந்த அழுத்த டிடிஹெச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் போவதால் நேரம் ஈடாகிவிடுகிறது. டாப் ஹேம்மரில் டீசலின் சக்தியும் கல்லை அடிப்பதற்கே போகிறது. டிடிஹெச்சின் கம்ப்ரசரில் அதில் பெரும்பகுதி சூடாகவே வெளியேறும். ஆனால் குழி எண்ணிக்கை கூடினால் டெட்டனேட்டர் எண்ணிக்கையும் கூடும். ஏப்ரல் 1, 2025 முதல் மின் டெட்டனேட்டருக்குத் தடை வந்தபிறகு, குழிக்குக் குழி நோனெல்லோ (மின்சாரம் இல்லாமல் குழாய் வழியாகத் தூண்டும் டெட்டனேட்டர்) எலெக்ட்ரானிக்கோதான். இந்தச் செலவுக்குத் தப்ப வழியில்லை.

பராமரிப்பில் டிடிஹெச் ஜெயிக்கும். போர்வெல் வண்டிகளால் திருச்செங்கோடு தொடங்கி மாநிலம் முழுக்க டிடிஹெச் ஹேம்மர் திறக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பிஸ்டன், செக் வால்வு, சிலிண்டர், சக், இவ்வளவுதான். லூப்ரிகேட்டர் எண்ணெய் போகிறதா என்று பார்க்க, காற்றைத் திறந்து பிட்டின் கீழே ஓர் அட்டையைப் பிடியுங்கள். எண்ணெய்ப் படலம் ஏறவில்லை என்றால் துளைக்காதீர்கள், பிஸ்டன் இறுகிவிடும். தண்ணீர்க் குழியில் காற்றைச் சட்டென்று நிறுத்தினால், செக் வால்வு தேய்ந்திருக்கும் பட்சத்தில் சேறு ஹேம்மருக்குள் ஏறிவிடும். 2017-லும் 2019-லும் சென்னைக் குடிநீருக்கே புறநகர்ச் சிக்கராயபுரம் குவாரிகளிலிருந்து நீர் எடுத்தார்கள். இந்தப் பக்கக் குழிகளில் தண்ணீர் அவ்வளவு சகஜம்.

டாப் ஹேம்மரின் டிரிஃப்டரைக் குவாரியில் வைத்துத் திறக்கவே கூடாது. தூசு போனால் சீல் கிட் வீண். எண்ணெய் அழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் அக்குமுலேட்டரில் நைட்ரஜன் அழுத்தம் குறைந்தால் ஹோஸ்கள் துள்ளத் தொடங்கும், அன்றைக்கே நிறுத்திச் சரிபார்க்கவேண்டும். ஃபீடு (கல்லை நோக்கித் தள்ளும் அழுத்தம்) இல்லாமல் வெற்று அடி அடித்தால், அடியை ராடுக்குக் கடத்தும் ஷாங்க் அடாப்டர் உடையும். தேய்ந்த ராடில் புது கப்ளிங் போட்டால் புது மரையும் சீக்கிரமே போய்விடும். ராடுகளைச் செட்டாகச் சுழற்சியில் ஓட்டி, செட்டாகவே மாற்றுங்கள்.

பிட் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே ஒழுக்கம். பிட்டின் முகத்தில் பதித்த பட்டன் தேய்ந்து உண்டாகும் தட்டைப் பரப்பு பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் கிரைண்டிங். இந்தக் கல்லில் குவார்ட்ஸ் உண்டு, ஓரப் பட்டன்தான் முதலில் தேயும். அதைப் பார்க்காமல் ஓட்டினால் குழி விட்டம் சுருங்கி, அடுத்த பிட் இறங்காது. அதே குவார்ட்ஸ் தூசுதான் டிரில்லர் நுரையீரலில் சிலிக்கோசிஸாகத் தங்குகிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. எந்த மெஷின் எடுத்தாலும் டஸ்ட் கலெக்டரோ தண்ணீர்த் தெளிப்போ இல்லாமல் ஓட்டாதீர்கள்.

மறுவிற்பனையில் டிடிஹெச் கைமாறுவது எளிது என்றே தோன்றுகிறது. பழைய ஹைட்ராலிக் மெஷின் விலைபோவதை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் பார்த்ததில்லை. சுண்ணாம்புக்கல்லுக்கும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். மென்மையான கல், உயரமான பெஞ்ச் என்றால் 115 பொருத்தமாக அமையலாம்.

ஏற்கெனவே கம்ப்ரசரும் கிராலரும் (டிடிஹெச் டிரில் வண்டியும்) கையில் இருப்பவர்கள் மூன்று இஞ்ச் ஹேம்மரில் 90 மி.மீ. பிட் போட்டு, பர்டனை இரண்டேகால் மீட்டருக்குக் கொண்டுவரலாம். சின்னப் பிஸ்டன் என்பதால் வேகம் குறையும். ஆனாலும் போல்டர் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். புதிதாக வாங்குகிறவர்கள் டெமோவில் மீட்டர் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பாதீர்கள். ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விட்டத்திலும் குழி போட்டு வெடித்து, ஒவ்வொரு குவியலுக்கும் பிரேக்கர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஹவர் மீட்டரைப் பார்த்துத் தனித்தனியாக எழுதி, கன மீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.