பெட்டியில் 1000 வாட், மீட்டரில் 100: ஒரு செடி விளக்கின் கதை

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன், அதில் ஒன்று முழுக்க வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த டிம்மர் திருகுக்கு.

ஆன்லைனில் வாங்கிய சதுரமான வெள்ளை எல்இடி பலகை இது, விலை 139 மலேசிய வெள்ளி. பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பவர் மீட்டரில் செருகிப் பார்த்தால் 100-ஐத் தொடவில்லை. ஏதோ பழைய விளக்குக்குச் சமம் என்று அர்த்தமாம். செடி விளக்கு விற்கிற பலரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், அதனால் பெரிய எண்ணை விட்டுவிட்டு, உண்மையில் எத்தனை வாட் இழுக்கும் என்பதை விவரத்தில் தேடுங்கள், போடவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

அந்த வாட்டும் மின்கட்டணத்துக்குத்தான் கணக்கு. செடிக்கு வேண்டியது இலை மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது. அதற்கு பிபிஎஃப்டி என்று ஓர் அளவு உண்டு: ஒரு நொடியில் ஒரு சதுர மீட்டரில் விழுகிற, இலைக்குப் பயன்படும் ஒளி எத்தனை மைக்ரோமோல் என்று சொல்வது. அதை அளக்கும் கருவி இந்த விளக்கைவிட விலை அதிகம், நமக்கு போனில் ஒரு லக்ஸ் ஆப் போதும். வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 70 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், தோராயமாக பிபிஎஃப்டி வரும். சிவப்பும் நீலமும் கலந்த ஊதா விளக்குக்கு இது செல்லாது, ஏனென்றால் லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, சிவப்பையும் நீலத்தையும் குறைத்துத்தான் காட்டும். (ஊதா விளக்கை ஹாலில் மாட்டினால் எதிர் பிளாக்கிலிருந்து பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ, அது வேறு.)

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் கொண்டோவுக்கு நேர் எதிரே இன்னொரு கட்டடம் எழும்பியதிலிருந்து ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளினாலே 800 லக்ஸ்தான், அதாவது 11 மைக்ரோமோல், அதில் மணிபிளாண்ட்கூட சோம்பித்தான் கிடக்கும். இந்த விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தால் 30 செ.மீ. கீழே ஏறக்குறைய 40,000 லக்ஸ், 60 செ.மீ. கீழே 17,000. ஆனால் இது நடுவில் மட்டும், ஓரத்துத் தொட்டிக்குப் பாதிதான் போகிறது, அதைப் பெட்டியில் எங்கேயும் சொல்லவில்லை.

கீரை, புதினா, சாலட் இலைக்கெல்லாம் 200 முதல் 250 மைக்ரோமோல், ஒரு நாளைக்கு 14 மணி நேரம் போதும். ஆக 60 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றுக்கு அது அதிகம், டிம்மரைக் குறைத்து 10,000 லக்ஸுக்குக் கொண்டுவருகிறேன். திருகில் பாதி என்றால் வெளிச்சத்தில் பாதி இல்லை, கடைசிக் கால் சுற்றில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, அதனால் ஆப்பைப் பார்த்துத்தான் திருக வேண்டும். தண்டு ஒல்லியாக நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் குறைவு, மேல் இலை வெளுத்து ஓரம் மேலே மடிந்தால் அதிகம்.

மிளகாய்க்கு 500 மைக்ரோமோல் வேண்டும், 30 செ.மீ.க்கு இறக்கினால் ஒரு செடிக்குக் கிடைக்கும், இரண்டாவது செடிக்கு இன்னொரு விளக்குதான். கறிவேப்பிலைக்காக யாராவது இதை வாங்க நினைத்தால் வேண்டாம். எங்கள் அம்மா கேட்கிறார், "வெளியில ஒரு லட்சம் லக்ஸ் சும்மா கொட்டுது, இதுக்கு கரண்டு பில்லா?" அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் வைத்துவிட்டார்.

மின்சாரம் மாதம் 42 யூனிட் வரும். ஏர்கான் போடாத அறையில் விளக்கின் முதுகு நன்றாகச் சுடுகிறது, மேல்தட்டில் எதையும் வைக்காதீர்கள். கடைசியாக ஒன்று, எனக்கு வந்தது இரண்டு முள் பிளக், உலோக உடம்புக்கு எர்த் இல்லை. மூன்று முள் ஒயர் கேட்டு வாங்கி மாட்டிய பிறகுதான் தண்ணீர் தெளிக்கிற இடத்தில் இதை வைத்தேன், அதற்குத்தான் ஒன்றரை நட்சத்திரம் குறைத்தது.