120 டாலர் காபி கிரைண்டர் எனக்கு எவ்வளவுக்கு வந்து சேர்ந்தது

கையால் சுற்றி அரைக்கும் காபி கிரைண்டர் ஒன்றை 2022 அக்டோபரில் ஹாங்காங் விற்பனையாளர் ஒருவரிடமிருந்து கோவைக்கு வரவழைத்தேன். சென்ற வாரம் அதன் பேரிங்கை மாற்றியதைக் கேள்விப்பட்ட நண்பர், தாமும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

பொருளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கடையில் அரைத்து வாங்கிய தூள் ஒரு நாள் பில்டரை அடைத்துக்கொள்ளும், மறுநாள் தண்ணீராய் ஓடிவிடும். இதில் பீபெரி காபிக்கொட்டையை அரைக்கத் தொடங்கிய நாள் முதல் டிகாஷன் சொட்டுச் சொட்டாக, ஒரே சீராக இறங்குகிறது.

விலை 120 டாலர், அனுப்பும் செலவு 30 டாலர்; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12,300 ரூபாய். வங்கி அட்டைக்கான அயல்நாணயக் கட்டணம் மூன்றரை சதவீதமும் அதன்மீதான ஜிஎஸ்டியுமாக 500 ரூபாய் போனது. சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் பொருள்களுக்கு அப்போது அடிப்படைச் சுங்கவரி 35 சதவீதம், அந்த வரியின்மேல் பத்து சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி, பொருளின் மதிப்பையும் இவ்விரு வரிகளையும் சேர்த்த தொகையின்மேல் 28 சதவீதம் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) என்று, கூட்டிப் பார்த்தால் 77.28 சதவீதம். அதுவும் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவுக்கும் சேர்த்து. ஆக வரி மட்டும் சுமார் 9,500 ரூபாய். 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பட்டுமா என்று விற்பனையாளர் கேட்டார். அது பொய்க்கணக்கு என்பது ஒருபுறமிருக்க, அன்பளிப்புக்கான வரிவிலக்கையே 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

வரியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. விகிதம் வெளிப்படையாக இருந்தது, பார்க்காதது என் தவறு. இன்றைய விகிதத்தை நண்பர் பார்த்துக்கொள்ளட்டும். என்னால் இன்றுவரை மறக்க முடியாதது, வாசலில் கூரியர் பையன் நீட்டிய பில்லின் கடைசி வரியைத்தான். எனக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்குக் கட்டணம் 1,000, அதற்கு ஜிஎஸ்டி 180. ஆதார் நகலைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்கு, வரியை நீங்களே கட்டுகிறீர்களா என்று கேட்கத் தெரியவில்லை. இரண்டு நாள் கைமாற்றுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் என்றால், மீட்டர் வட்டிக்காரர்கூடச் சற்றுத் தயங்குவார். அந்தப் பையனிடம் கோபித்துக்கொண்டதற்குத்தான் பிறகு வருந்தினேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

மொத்தம் 23,500 ரூபாய்.

இவ்வாண்டு கைப்பிடி கரகரக்கத் தொடங்கியபோது விற்பனையாளர் பேரிங்குக்கு 7 டாலரும் அனுப்புவதற்கு 28 டாலரும் கேட்டார். உத்தரவாதம் அவருடைய ஊரில்தான் செல்லுமாம். அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் பேரிங்கின் ஓரத்தில் 608 என்று அளவு எண் பொறித்திருந்தது. காந்திபுரத்துப் பேரிங் கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்காமல் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, பின்னாலிருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். 60 ரூபாய். இப்போது முன்னைவிட இலகுவாகச் சுற்றுகிறது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன பதில், வாங்க வேண்டாம் என்பதே. அப்படியானால் உன்னுடையதை 15,000 ரூபாய்க்கு எனக்குக் கொடுத்துவிடு என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.