ஓஆர்எஸ் பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும்: எச்.ஐ.வி. உள்ள ஓர் அம்மாவின் அனுபவம்

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்துகிற ஏஆர்டி மாத்திரையை ஒரு நாள் கூட விட்டதில்லை, ரத்தத்தில் கிருமியை அளக்கிற வைரல் லோட் சோதனையைக் கடைசியாகப் பார்த்தபோது கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது, என் பாலைக் குடித்துத்தான் நாலு மாதப் பிள்ளை வளர்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ராத்திரி, பேதிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிற இந்த ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், என்னைப் போன்ற அம்மா என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு மலம் இளகலாக, கடுகு நிறத்தில், நாளைக்குப் பல தடவை போவது இயல்புதான், அதனால் முதல் இரண்டு தடவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை துணியில் மலம் என்று எதுவுமே இல்லை. வெறும் தண்ணீர், ஓரத்தில் பச்சையாக ஒரு கறை. அப்புறம்தான் பேதி என்று உறைத்தது.

பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் எச்.ஐ.வி. சிகிச்சை அட்டையைப் பார்த்ததும் அங்கிருந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "பாலை நிறுத்திட்டு பவுடர் பால் கொடுங்க." எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. நல்லவேளை, ஏஆர்டி மையத்து நர்ஸ் அக்கா போனை எடுத்தார். "பாலை நிறுத்தவே நிறுத்தாதேம்மா. அவன் கேட்கிறப்பல்லாம் கொடு, வழக்கத்தைவிட அதிகமாவே கொடு. கூடவே ஓஆர்எஸ்ஸும் ஜிங்க் (துத்தநாக) மாத்திரையும்." ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்றுதானே அக்கா சொன்னீர்கள், ஓஆர்எஸ் கொடுத்தால் அது கெட்டுப்போகாதா என்று கேட்டேன். கெடாது என்றார். மருந்து, வைட்டமின் சொட்டு, ஓஆர்எஸ் மூன்றுமே "தாய்ப்பால் மட்டும்" என்ற கணக்குக்குள்தான் வருகின்றன. இந்த ஒரு வரியை உறையின் மேல் அச்சடித்திருந்தால் எனக்கு ஒரு மணி நேர அழுகை மிச்சமாகியிருக்கும்.

அக்கா சொன்னது ஆறுதலுக்காக அல்ல. கிருமி பிள்ளைக்குப் போய்விடக் கூடாது என்று போட்ஸ்வானாவில் எச்.ஐ.வி. உள்ள அம்மாக்களுக்கு அரசாங்கமே பவுடர் பாலை இலவசமாகக் கொடுத்துவந்தது. 2006 தொடக்கத்தில் பெருமழை பெய்து பேதி பரவியபோது மருத்துவமனையில் சேர்ந்த கைக்குழந்தைகளில் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். பல குழந்தைகள் இறந்தும் போயின. ஜாம்பியாவில் நாலு மாதத்தில் சட்டென்று பாலை நிறுத்திப் பார்த்த ஆய்வில், எச்.ஐ.வி. இல்லாமல் உயிரோடிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அதனால் கூடவில்லை, பேதிதான் கூடியது. இப்போது உலக சுகாதார நிறுவனமே, மருந்தைத் தவறாமல் எடுத்தால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் பால் கொடுக்கலாம் என்கிறது. 2016இல் வந்த வழிகாட்டுதல் இது.

சரி, பொட்டலத்துக்கு வருகிறேன். ஒரு லிட்டருக்கான உறையில் 20.5 கிராம் பொடி: குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். குளுக்கோஸ் குடல் சுவர் வழியாக உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது, உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது. அதனால்தான் இந்த அளவு முக்கியம். பாதிப் பொடியைக் கண்ணளவாக எடுத்துக் கலக்காதீர்கள், முழு உறையையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டிவிட்டு, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பெயரில் மட்டும் ஓஆர்எஸ் போலத் தெரிகிற இனிப்புப் பானங்களைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும்.

ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி என்று கணக்கு. புட்டி வேண்டாம், கரண்டிதான். முதல் தடவை அவசரத்தில் வேகமாக ஊட்டி, அத்தனையையும் கக்கிவிட்டான். பத்து நிமிடம் விட்டு, ஒரு நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று உதட்டோரம் சாய்த்தேன். நாக்கை நீட்டி நீட்டி நக்கினான், நடுவில் மார்பைத் தேடினான், கொடுத்தேன். விடியும்போது துணியில் சிறுநீர் ஈரம் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்தப் பொட்டலத்தைப் பற்றிய விமர்சனங்களில் ஒரு குறையாகப் பலர் எழுதியிருப்பது, குடித்தும் பேதி நிற்கவில்லை என்பது. இது பேதியை நிறுத்துகிற மருந்து அல்ல, உடம்பின் நீரைக் காப்பாற்றுவது. கண் உள்ளே போனாலோ, உச்சிக்குழி பள்ளமானாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினாலோ, பிள்ளை துவண்டு குடிக்க மாட்டேன் என்றாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஜிங்க் 20 மில்லிகிராம் மாத்திரை. ஆறு மாதத்துக்குக் கீழே பாதி. ஒரு கரண்டியில் பாலைப் பீய்ச்சி அதில் போட்டால் கொஞ்ச நேரத்தில் கரைகிறது, லேசான உலோக வாடை இருந்தும் என் பால் என்பதாலோ என்னவோ துப்பவில்லை. பேதி நின்றதும் பலர் விட்டுவிடுகிறார்கள், 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குத் தினமும் கொடுக்கிற கோட்ரைமாக்சசோல் என்ற தொற்றுத் தடுப்பு மருந்தையும் நிறுத்த வேண்டாம் என்றார் அக்கா.

பொட்டலத்துக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது, தாய்ப்பாலைத் தொடரச் சொல்லும் வரி உறையில் எங்குமே இல்லாததற்காக. ஜிங்க்குக்கு ஐந்தும். பேதி மூன்றாம் நாளே குறைந்துவிட்டது. இன்று எட்டாம் நாள், காலைப் பாதி மாத்திரையைக் கொடுத்துவிட்டேன்.